ரூரின் துணியும் அதன் சாட்சிகளும்

இத்தாலி நாட்டின் ரூரின் நகரப் பேராலயத்தில், ஏறத்தாழ நான்கரை மீற்றர் நீளமும் ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட லினன் துணியொன்று பேணப்படுகிறது. கசையடியுண்டு சிலுவையில் மாண்ட ஒரு மனிதனின் முன்புறத் தோற்றமும் பின்புறத் தோற்றமும் அதன்மீது மங்கலாகப் படிந்துள்ளன. யேசுநாதரின் உடலைப் பொதிந்து கல்லறையில் வைத்த துணி இதுவே என்று உலகெங்கும் பல இலட்சம் மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையோடு நமக்கு வழக்கில்லை. ஓர் ஏழைத் தாய் அத்துணியின் படத்திற்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைப்பாளாயின், அவளைப் பரிகசிப்பது முற்போக்கு ஆகாது. நாம் வழக்காட வேண்டியவர்கள் வேறொரு கூட்டத்தார். "விஞ்ஞானமே இதனை மெய்ப்பித்துவிட்டது" என்று மேடையிலும் ஏட்டிலும் முழங்குகின்றார்களே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

இம்முழக்கம் வெறும் பக்திப் பேச்சாயின் விட்டுவிடலாம். ஆனால் அது விஞ்ஞானத்தின் உடையை இரவல் வாங்கி அணிந்துகொண்டு வருகிறது. எக்ஸ் கதிர் என்கிறது, அணு என்கிறது, பேராசிரியர் பட்டங்களை முன்னே நிறுத்துகிறது. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவன், விஞ்ஞானம் என்பது முன்னரே முடிவு செய்த ஒன்றிற்கு முத்திரை குத்தும் கந்தோர் என்றே இதனால் கற்றுக்கொள்வான். அவனுக்கு நேரும் நட்டம் ஒரு துணியின் வயதைப் பற்றிய நட்டமன்று. நாளை அரசாங்கப் புள்ளிவிவரம் ஒன்றையோ, ஒரு மருந்துக் கொம்பனியின் விளம்பரத்தையோ, ஓர் இனத்தின் பழம்பெருமை பேசும் நூலையோ அவன் படிக்கும்போது, எதைக் கேட்க வேண்டும், எவ்வாறு கேட்க வேண்டும் என்னும் வினாவறிவையே அவன் இழந்து நிற்பான்.

ஆகவே சாட்சிகளை ஒவ்வொருவராக அழைப்போம். ஆய்வுகூடத்தை முதலில் அழைப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அது தவறான வரிசை. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது முதலில் வரலாற்றுக் கேள்வி. வரலாறு வாய் திறந்த பின்னரே காபனும் கதிரும் பேச வேண்டும்.

வரலாற்றின் சாட்சியம் மிகத் தெளிவாயிருக்கிறது. இத்துணி முதன்முதலாக ஏடுகளில் தலைகாட்டுவது எருசலேமிலன்று, கொன்ஸ்தாந்திநோப்பிளிலன்று. பிரான்சின் சம்பாஞ் பகுதியிலுள்ள லிரே என்னும் சிற்றூரில், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். ஜொஃப்ருவா த ஷார்ணி என்னும் பிரபு 1353இல் அங்கு ஓர் ஆலயத்தை நிறுவினான். 1356இல் புவாத்தியே போர்க்களத்தில் மாண்டான். அவ்வாலயத்திலேதான் துணி காட்சிக்கு வைக்கப்பட்டது, யாத்திரிகர் திரண்டனர், காணிக்கை குவிந்தது. அதற்கு முற்பட்ட ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் அது எங்கிருந்தது, யார் கையிலிருந்தது என்பதற்கு ஐயத்திற்கிடமற்ற ஓர் ஆவணத்தையேனும் இதுவரை எவரும் காட்டவில்லை. சுவிசேஷங்களும் இதற்குத் துணை நிற்கவில்லை. துணியிற் படிந்த உருவம் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. யோவான் சுவிசேஷமோ உடலைச் சுற்றிய துணிகளைப் பன்மையிற் கூறி, தலையைச் சுற்றியிருந்த துணியை வேறாகப் பிரித்துச் சொல்கிறது.

1389ஆம் ஆண்டில் அப்பகுதியின் மேற்றிராணியாராயிருந்த பியேர் தார்சி, அவிஞ்ஞோனிலிருந்து ஆண்ட ஏழாம் கிளமெந்துக்கு நீண்டதொரு விண்ணப்பம் வரைந்தார். தமக்கு முன்னிருந்த மேற்றிராணியார் ஏறத்தாழ 34 ஆண்டுகளுக்கு முன்னர் இதனை விசாரித்ததாகவும், அது கைத்திறனால் வரையப்பட்டதென்பதை வரைந்தவனே ஒப்புக்கொண்டதாகவும் அதிலே கூறுகிறார். இத்தகைய உருவம் மெய்யாயின் சுவிசேஷ ஆசிரியர்கள் அதைச் சொல்லாது விட்டிருப்பார்களா என்று அக்காலத்து வேதசாத்திரிகளே கேட்டனராம். குணமடைந்தவர்களைப் போல் நடிக்கக் கூலிக்கு ஆட்கள் அமர்த்தப்பட்டனர் என்றும், ஆலயத்தாரின் பொருளாசையே இதற்கெல்லாம் மூலம் என்றும் அவர் எழுதினார். இதனை எழுதியவர் நாத்திகர் அல்லர், பொருள்முதல்வாதியும் அல்லர். செங்கோலும் முடியும் தரித்த கத்தோலிக்க மேற்றிராணியார். கிளமெந்து என்ன செய்தார்? அவர் ஷார்ணி குடும்பத்தாருக்கு மணவழி உறவினர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 1390இல் அவர் காட்சியைத் தடுக்கவில்லை. ஆனால் காட்டும்போதெல்லாம், இது ஆண்டவரின் மெய்யான அடக்கத் துணியன்று, அதன் சாயலே என்று உரத்த குரலில் அறிவிக்க வேண்டுமென விதித்தார். தீர்ப்பும் கிடைத்தது, வருமானமும் நிற்கவில்லை!

பியேர் தார்சியின் சாட்சியத்தைப் பொறாமையின் பேச்சென்று ஒதுக்குவோர் உண்டு. பக்கத்து ஆலயத்தின் வருமானத்தைக் கண்டு மனம் புழுங்கினார் என்பர். நல்லது, அவருக்கு முற்பட்ட மற்றொருவரைக் கேட்போம். கணிதத்திலும் இயற்கைத் தத்துவத்திலும் அந்நூற்றாண்டின் தலைசிறந்த அறிஞருள் ஒருவர் நிக்கோல் ஒரெம். பின்னர் தாமும் மேற்றிராணியாரானவர். அவரது எழுத்தொன்றைப் பற்றி 2025இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. காணிக்கைக்காக மக்களை ஏமாற்றும் குருமாருக்கு உதாரணமாகச் சம்பாஞ் பகுதி ஆலயத்தின் இத்துணியையே ஒரெம் எடுத்துக்காட்டியிருக்கிறார். லிரேயின் வருமானத்தில் ஒரெமுக்கு என்ன பங்கு? பொறாமை என்னும் வாதம் இத்தோடு வலுவிழந்து போகிறது.

வருமானம் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கூறுகிறோம். மத்திய கால ஐரோப்பாவில் திருப்பண்டம் என்பது பக்திப் பொருள் மாத்திரமன்று, அது மூலதனம். ஓர் ஊருக்குச் சந்தையைக் கொண்டுவந்தது. ஓர் அரசனுக்கு மதிப்பைக் கொடுத்தது. கடனுக்கு ஈடாகவும் நின்றது. 1204இல் சிலுவைப் போர்வீரர் தம்மையொத்த கிறிஸ்தவரின் நகரமாகிய கொன்ஸ்தாந்திநோப்பிளைச் சூறையாடியபின், திருப்பண்டங்கள் வெள்ளமென மேற்கு நோக்கிப் பாய்ந்தன. யேசுநாதரின் முட்முடி என்று போற்றப்பட்ட பொருளை அந்நகரின் இலத்தீன் ஆட்சியாளர் வெனிஸ் வணிகரிடம் அடகு வைத்திருந்தனர். பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயி 1239இல் அந்த அடகை மீட்டுத் தன்னதாக்கினான். அதனை வைப்பதற்கென்று பாரிசில் அவன் எழுப்பிய அழகிய ஆலயத்திற்குச் செலவான பணத்திலும் முட்முடிக்குக் கொடுத்த பணமே அதிகம். முடியின் வயதை அன்று எவரும் கேட்கவில்லை. அடகுச் சீட்டைத்தான் கேட்டார்கள்.

ரூரின் துணியும் இவ்வழியே சென்றது. 1453இல் ஷார்ணி வமிசத்தின் மார்கிரெத் அதனைச் சவோய் பிரபுவிடம் ஒப்படைத்தாள். பிரதியாக நிலபுலம் பெற்றாள். ஏமாந்த லிரே ஆலயத்தார் தொடுத்த வழக்கின் விளைவாக அவள் திருச்சபையிலிருந்து விலக்கவும் பட்டாள். 1532இல் ஷாம்பெரி நகரில் தீ பற்றித் துணி பலவிடங்களிற் பொசுங்கிற்று. 1578இல் சவோய் வமிசம் தன் புதிய தலைநகராகிய ரூரினுக்கு அதைக் கொண்டுசென்றது. வளர்ந்துவரும் ஓர் அரச வமிசத்திற்கு அதைக்காட்டிலும் சிறந்த கொடி வேறெது?

எல்லாக் குருமாரும் இந்த வியாபாரத்திற்கு உடந்தையாயிருந்தனர் என்று எழுதினால் நாமும் பொய்யராவோம். 1215இல் நடந்த நான்காம் லாத்தரான் சங்கமே திருப்பண்டங்களை விற்பதைக் கண்டித்தது. பாப்பரசரின் அனுமதியின்றிப் புதியவற்றை வணங்கலாகாதென்றும் விதித்தது. 1578இல் உரோமாபுரியின் அருகே நிலத்தடிக் கல்லறைகள் வெளிப்பட்டதும், அங்கு கிடைத்த பெயரறியா எலும்புகளெல்லாம் வேதசாட்சிகளின் எலும்புகளென்று ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயுள்ள ஆலயங்களுக்கு ஏற்றுமதியாயின. அதை எதிர்த்து 1698இல் எழுதியவர் மபியோன் என்னும் பெனடிக்ற் சபைத் துறவி. பழம் ஆவணங்களின் மெய்ம்மையை ஆராயும் கலைக்கே அடிகோலியவர். லிரே பற்றிய 14ஆம் நூற்றாண்டு ஆவணங்களைத் தேடியெடுத்து 1900ஆம் ஆண்டையொட்டி அச்சிட்டவர் உலிஸ் ஷெவாலியே என்னும் கத்தோலிக்கக் குரு. அவற்றை ஆங்கில வாசகருக்கு எடுத்துரைத்தவர் தேர்ஸ்ரன் என்னும் யேசுசபைத் துறவி. தம் சபையின் பெருமையைவிட உண்மையைப் பெரிதாக மதித்த இவர்களை நாம் நம்மவர் என்றே கொள்ளலாம்.

இனி ஆய்வுகூடத்தின் சாட்சியம். உயிருள்ள செடியொன்று காற்றிலிருந்து காபனை எடுத்துக்கொள்ளும்போது, அதில் மிகச் சொற்ப அளவினதாகிய காபன் 14 என்னும் கதிர்வீசும் சமதானியையும் சேர்த்தே எடுக்கிறது. செடி மாண்டபின் அது புதிதாகச் சேர்வதில்லை. இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டு போகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் ஆளிச்செடியை அறுத்த காலம் தெரியவரும். 1949இல் லிபி என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் இம்முறையை நிறுவினார். 1960இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால் அக்காலத்தில் ஒரு கைக்குட்டையளவு துணியையேனும் எரித்தாக வேண்டியிருந்தது. பின்னர், அணுக்களை முடுக்கி எண்ணும் கருவிகள் வந்ததும் சில பத்து மில்லிகிராம் போதுமென்றாயிற்று.

1988 ஏப்ரில் 21ஆம் நாள் துணியின் ஒரு மூலையிலிருந்து சிறு கீற்று வெட்டப்பட்டு ஒக்ஸ்போர்ட், சூரிச், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வுகூடங்களுக்கும் பகிரப்பட்டது. வயது வேறு வழியால் அறியப்பட்ட பிற பழந்துணிகளும் ஒப்பீட்டுக்காக உடன் கொடுக்கப்பட்டன. பிரித்தானிய நூதனசாலை மேற்பார்வை செய்தது. ஒக்டோபர் 13ஆம் நாள் ரூரின் அதிமேற்றிராணியார் கர்தினால் பலஸ்திரெரோ முடிவை வெளியிட்டார். 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலம். 95 சதவீத உறுதி. பியேர் தார்சியின் விண்ணப்பமும் அணுவை எண்ணிய கருவியும் ஒரே நூற்றாண்டைச் சுட்டின. ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒத்த வாக்குமூலம் கொடுத்தால் நீதிமன்றம் என்ன செய்யும்?

இங்கேதான் நம் எதிர்வழக்காடிகளின் உண்மைத் தன்மை வெளிப்பட்டது. சோதனைக்கு முன் விஞ்ஞானமே வருக என்றவர்கள், முடிவு வந்ததும் விஞ்ஞானத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். பிற்காலத்து அழுக்குப் படிந்ததால் வயது குறைந்து தெரிகிறதென்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாம் நூற்றாண்டுத் துணியொன்று 14ஆம் நூற்றாண்டினதாகத் தோன்ற வேண்டுமாயின், அதிலுள்ள காபனில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் இக்காலத்து அழுக்காயிருத்தல் வேண்டும். அப்படியாயின் வணங்கப்படுவது துணியா, அழுக்கா? பின்னர், வெட்டிய மூலை கன்னியாஸ்திரிகள் பிற்காலத்தில் கண்ணுக்குத் தெரியாவண்ணம் இழையோட்டித் தைத்த பகுதி என்றனர். அரிசோனா ஆய்வுகூடத்தார் தம்மிடம் எஞ்சியிருந்த துண்டை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்து, அத்தகைய இழையோட்டத்திற்கு அடையாளமில்லையென 2010இல் எழுதினர்.

2022இல் வந்தது எக்ஸ் கதிர். லினன் நார் காலப்போக்கிற் சிதைவதை எக்ஸ் கதிரால் அளந்து, துணி இரண்டாயிரம் ஆண்டுப் பழமைக்கு ஒத்திருக்கிறதென்று இத்தாலிய ஆய்வாளர் சிலர் எழுதினர். 2024இல் உலகப் பத்திரிகைகள் அதை மீண்டும் எடுத்துப் பறையறைந்தன. பறையறைந்தவர்கள் அக்கட்டுரையிலேயே இருந்த நிபந்தனையை மட்டும் வாசகருக்குச் சொல்லவில்லை. வரலாறு அறியாத பதின்மூன்று நூற்றாண்டுகளிலும் துணி 20 முதல் 22.5 பாகை வரையிலான சராசரி வெப்பநிலையிலும், அதற்கிசைந்த ஈரப்பதனிலும் இருந்திருந்தால் மாத்திரமே அந்த முடிவு செல்லும்! எங்கிருந்ததென்றே தெரியாத துணி எந்த வெப்பநிலையில் இருந்ததென்று யார் அளந்தார்? அதுவும் 1532இல் தீயிற் பொசுங்கிய துணி. நிரூபிக்க வேண்டியதை முதலில் இருக்கிறதென வைத்துக்கொண்டு, பின்னர் அதனையே கண்டுபிடித்ததாகக் கூறும் இவ்வித்தையை எந்தத் தருக்க நூல் ஒப்பும்?

நேர்மையின் பொருட்டு மறுபக்கத்தையும் கூற வேண்டும். மூன்று ஆய்வுகூடங்களின் அளவீடுகளும் தம்முள் முற்றாக ஒத்துப்போகவில்லை. ஒக்ஸ்போர்டின் எண் ஏனையவற்றிலும் சற்று மூத்தது. 1989இல் வந்த 'நேச்சர்' கட்டுரையே இதைக் குறிப்பிட்டது. ஆனால் மூல அளவீடுகள் முழுவதும் வெளியார் கைக்கு எட்டியது, தகவல் அறியும் சட்டத்தின் துணையோடு பிரித்தானிய நூதனசாலையைக் கேட்டபின், 2017இலேதான். முப்பதாண்டுகளாக அவற்றைப் பூட்டி வைத்தது விஞ்ஞானத்திற்கு அழகன்று. அவ்வளவீடுகளை ஆராய்ந்தோர் 2019இல், அவை ஒருசீரானவையல்ல, புதிய சோதனை வேண்டும் என்றனர். நியாயமான கோரிக்கை. ஆனால் துணி முதலாம் நூற்றாண்டினது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நூறாண்டு முன்பின்னாகும் ஐயம் வேறு, ஆயிரத்து முந்நூறு ஆண்டைத் தாண்டும் பாய்ச்சல் வேறு.

நம் பக்கத்து நண்பர் சிலருக்கும் ஒரு சொல். மெய்ச்சிலுவையின் துண்டுகளையெல்லாம் சேர்த்தால் ஒரு கப்பல் நிறையும் என்னும் கல்வினின் ஏளனம் 1543 முதல் உலவுகிறது. பகுத்தறிவுக் கூட்டங்களில் இன்றும் கைதட்டல் பெறுகிறது. றொஓ த புளூறி என்னும் பிரெஞ்சுக்காரர் 1870இல், தாம் அறிந்த துண்டுகளனைத்தையும் அளந்து கூட்டிப் பார்த்தார். ஒரு முழுச் சிலுவையின் சிறு பங்குகூடத் தேறவில்லை. அதனால் அவை மெய்யென்றாகிவிடா. கொன்ஸ்தந்தைன் பேரரசனின் வரலாற்றை எழுதிய எவுசேபியு, அரசனின் தாய் ஹெலேனா எருசலேம் சென்றதை எழுதியும் அவள் சிலுவையைக் கண்டெடுத்ததாக எழுதவில்லை. அக்கதை அந்நூற்றாண்டின் இறுதியிலேதான் ஏடேறுகிறது. கையில் இத்தகைய வலிய வாதம் இருக்க, அளந்து பார்க்காத ஏளனம் நமக்கு எதற்கு?

திருப்பண்டங்கள் அனைத்தும் ஒரே வார்ப்பின அல்ல. சிலுவையின் பெயர்ப்பலகை என்று உரோமாபுரியில் வைக்கப்பட்டிருக்கும் மரத்துண்டு 10ஆம் 12ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டதென 2002இல் தெரியவந்தது. அதே நகரில் அப்போஸ்தலர் யாக்கோபுவினதென்று போற்றப்பட்ட தொடையெலும்பு, 214க்கும் 340க்கும் இடையில் வாழ்ந்த ஒருவருடையதென 2021இல் கண்டனர்; அப்போஸ்தலர் அல்லர், ஆயினும் பண்டைய மனிதர். பாதுவா நகரில் லூக்காவினதென்று வைத்திருக்கும் உடலோ 2001இன் சோதனையில் தள்ளப்படவில்லை: காலம் 72க்கும் 416க்கும் இடையில், மரபணுவும் சிரியாவில் பிறந்தவருக்குப் பொருந்தக்கூடியது. அது லூக்கா என்பதற்கு இது சான்றாகுமா? ஆகாது. அக்காலத்துச் சிரியர் எத்தனையோ இலட்சம் பேர். ஆய்வுகூடம் ஒரு பெயரை அழிக்க வல்லது, எழுத வல்லதன்று. மயிலாப்பூரில் 1523இல் போர்த்துக்கேயர் தோண்டியெடுத்த எலும்புகளுக்கும் இதே நியாயந்தான். தோமையாரின் எலும்புகள் எடேசாவில் இருந்தன என்று 4ஆம் நூற்றாண்டிலிருந்தும், இத்தாலியின் ஓர்த்தோனாவுக்கு 1258இல் வந்தன என்றும் வேறிரு ஊர்கள் உரிமை கூறுகின்றன.

போர்த்துக்கேயர் பெயர் வந்துவிட்டபடியால், நமது மண்ணில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லிவிடுவோம். 1560இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாண இராச்சியத்தின்மீது படையெடுத்துக் கொள்ளையிட்டபோது, புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒரு பொருள் அவன் கையிற் சிக்கிற்று. மெய்யான தந்ததாது வேறிடத்தில் பத்திரமாயிருந்தது என்பது பௌத்தர் கூற்று. பெகு அரசன் அதற்குப் பெருந்தொகை கொடுக்க முன்வந்தான். வெறுமையான கருவூலத்தை எண்ணிப் படைத்தலைவர்கள் விற்போம் என்றனர். கோவையின் அதிமேற்றிராணியார் கஸ்பார் மறுத்தார். 1561இல் அதை உரலிலிட்டு இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் விட்டார். அஃது எந்த மனிதனின் பல், எந்த விலங்கின் பல் என்று கேட்டாரில்லை. அதற்குப் பதினேழு ஆண்டுகளின் பின்னர் மிலான் நகரத்து அதிமேற்றிராணியார் போறோமியோ, ரூரின் துணியை வணங்குவதற்காகக் கால்நடையாகவே சென்றார். அங்கும் எவரும் எதையும் கேட்கவில்லை. ஒருவர் பொருளுக்கு உரல், மற்றவர் பொருளுக்கு வெள்ளிப் பேழை. இரண்டு தீர்ப்பும் விசாரணையின்றியே கிடைத்தன.

ஆராய வேண்டியது இன்னும் இருக்கிறது. அத்துணியில் உருவம் எவ்வாறு படிந்தது என்பது முற்றாகத் தீர்க்கப்படவில்லை. செங்காவியும் சாதிலிங்கமும் கண்டதாக மக்குறோன் கூறினார். 1978இல் துணியை ஆராய்ந்த குழுவினர் அதை மறுத்தனர். 2009இல் கர்லஸ்கெல்லி என்னும் இத்தாலிய இரசாயனப் பேராசிரியர், மத்திய காலத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டே ஒத்த உருவமொன்றை ஆக்கிக் காட்டினார், ஒப்பாதாரும் உளர். கொள்ளைநோய் 1348இல் ஊர்களைச் சூறையாடிய சில ஆண்டுகளுக்குள், போரால் நைந்த ஒரு நாட்டில், மீன்முள் போன்ற நெசவில் இவ்வளவு நீளமான துணியை நெய்தவர் யார், துன்புற்ற மனிதனின் உருவத்தை இத்துணை நுட்பமாக அதன்மீது ஏற்றியவர் யார் என்பன தெய்வீகமோ மோசடியோ என்னும் சண்டையில் மறந்துபோன கேள்விகள். அந்தக் கைகளின் பெயரை லிரேயின் குருமாரும் எழுதி வைக்கவில்லை, பியேர் தார்சியும் எழுதவில்லை.

2002இல் ரூரினில் துணியைப் பழுதுபார்த்தபோது, பழைய ஒட்டுகளை நீக்கி, 1532இன் தீயிற் கரிந்து உதிர்ந்த இழைகளைச் சேகரித்துச் சிறு குப்பிகளில் இட்டுவைத்தனர். காபன் சோதனைக்குக் கரி நல்ல பொருள். துணியில் இன்னொருமுறை கத்தி வைக்கவேண்டியதில்லை. ஒரு மூலையைப் பற்றிய சண்டைக்கும் இடமில்லை, ஏனெனில் அவை பலவிடங்களிலிருந்து எடுத்தவை. 1988இன் முடிவை ஒப்பாதவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அக்குப்பிகளைத் திறக்கும்படி துணியின் உடைமையாளராகிய பாப்பரசரிடம் கேட்பது. முடிவு எதுவாயினும் ஒப்புவோம் என்று கையெழுத்திட்டு அவர்கள் கேட்பார்களாயின், அந்த விண்ணப்பத்தில் நாமும் கையெழுத்திடுவோம்.